தண்ணீருக்கு வழி விடுங்கள்

தில்லியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் நம்மவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலம் நெருங்கும்போது ஒரு சுற்றறிக்கை வரும். "மொட்டை மாடியிலும் பால்கனியிலும் உள்ள பூந்தொட்டிகளைப் பதினைந்து நாட்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கும். 2024 ஜூன் 28 காலை வரை பெய்த பெருமழைக்குப் பிறகு இந்தச் சுற்றறிக்கைகளின் குரல் இன்னும் கடுமையாகிவிட்டது. அந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லி மீட்டர் மழை பதிவாயிற்று. பல கட்டிடங்களில் மேல்தளத்து வீடுகள் ஒழுகின. எங்கள் குடியிருப்பிலும் ஒழுகின. உடனே குற்றவாளி யார் என்று தேடினார்கள். வாய் பேசாத பூந்தொட்டி அகப்பட்டது.

நான் இருப்புப் பாதைப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு சிவில் டிப்ளமோ. மண், ஜல்லி, தண்ணீர் இந்த மூன்றோடுதான் என் காலம் கழிந்தது. ஆகையால் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் கருத்து இதுதான்: தொட்டிச் செடிகளைக் கொல்வதும் தேங்கிய தண்ணீர்தான், கூரையை ஒழுக வைப்பதும் தேங்கிய தண்ணீர்தான். இரண்டுக்கும் மருந்து வடிகால். செடியை விரட்டுவது மருந்தல்ல.

இது ஏதோ பொழுதுபோக்குப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் ஓர் அம்மாள் தனியாக இருக்கிறார். கணவர் மத்திய அரசு ஊழியராக இருந்து காலமானவர். பிள்ளைகள் வெளிநாட்டில். மொட்டை மாடியில் இருபத்திரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறார். மல்லி, முல்லை, ஜாதிமல்லி, துளசி, கறிவேப்பிலை. வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் கட்டிடத்தில் உள்ள நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கும் பூ அவர் வீட்டிலிருந்துதான் வரும். சுற்றறிக்கை வந்த அன்று என்னிடம் வந்து, "அண்ணா, இதையும் எடுத்துவிட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸிலும் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகளிலும் தோட்டம் வைத்து வாழ்ந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் நிலம் ஒரு தொட்டி மண்தான்.

முதலில் நம் வீட்டுக் குறையைப் பார்ப்போம். பிறகு குடியிருப்புக் கமிட்டியிடம் போவோம்.

"நம்ம ஊர் மல்லி தில்லியில் வராது, ஸார். மண் சரியில்லை" என்பது நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஊரிலிருந்து ரயிலில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த நாற்று ஆறு மாதத்தில் பட்டுப்போனதும் இப்படிச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் மோக்ரா என்பது நம் மல்லிதான். ஜூஹி என்பது நம் முல்லை. சமேலி என்பது ஜாதிமல்லி. இவை தில்லிப் பூங்காக்களில் தாராளமாகப் பூக்கின்றன. ஆக, ஊர் மீது பழி போடுவதற்கு இடமில்லை.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லிக்கான நாற்றுகள் பெரும்பாலும் எங்கிருந்து போகின்றன தெரியுமா? ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து. அங்கே இருப்பது கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் நொடியில் இறங்கிவிடும். அந்த மணலில்தான் வேர் நன்றாகப் பிடிக்கிறது. மல்லியின் குணத்தை அறிய இந்த ஒரு செய்தி போதும். அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது.

தில்லியில் நமக்குக் கிடைப்பது யமுனை கொண்டுவந்த வண்டல். நிலத்தில் இருக்கும்வரை அது நல்ல மண்தான். தொட்டிக்குள் போட்டு நாலு மாதம் தண்ணீர் ஊற்றினால் இறுகிச் செங்கல் போல் ஆகிவிடும். மண்ணுக்குள் உள்ள சந்துகளில் காற்று இருந்தால்தான் வேர் மூச்சு விடும். அந்தச் சந்துகள் முழுவதும் தண்ணீர் நிறைந்து நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. செடி வாடும். நாம் வாடுகிறதே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். "தினம் இரண்டு வேளை விடுகிறேன், அப்படியும் வாடுகிறது" என்று சொல்லும் வீடுகளில் நடப்பது இதுதான்.

எங்கள் இலாகாவில் ஒரு பேச்சு உண்டு. நல்ல பாதைக்கு மூன்று தேவைகள்: முதலாவது வடிகால், இரண்டாவது வடிகால், மூன்றாவதும் வடிகால். தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி பரப்புவதற்குப் பாரத்தைப் பரத்துவது ஒரு காரணம். மழைத் தண்ணீரை வெளியேற்றுவது இன்னொரு காரணம். ஜல்லிக்குக் கீழே உள்ள மண்மேட்டின் மேல்தளம்கூட மட்டமாக இருக்காது. 30-க்கு 1 என்று இருபுறமும் சரிவு கொடுத்திருக்கும். ஜல்லியில் மண் அடைத்துவிட்டால் வண்டி போகும்போதெல்லாம் சேறு பீய்ச்சும், பாதை இறங்கும். அப்போது ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திரும்பப் போடுவோம். தொட்டிச் செடிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்றுவதும் இதே வேலைதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் நாலு அங்குலத்துக்குக் கூழாங்கல்லோ உடைந்த ஓடோ போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நர்சரிக்காரர்களும் சொல்வார்கள், நாமும் செய்கிறோம். இதனால் பயன் இல்லை. நுண்ணிய மண்ணில் பிடித்து நிற்கும் தண்ணீர், கீழே பெரிய சந்துள்ள கல் இருந்தால் சுலபமாக அதில் இறங்காது. கல்லுக்கு மேலே உள்ள மண் சொதசொதவென்று நிறைந்த பிறகே இறங்கும். கல் போடாத தொட்டியில் அடியில் நிற்கும் ஈரப் படலம், கல் போட்ட தொட்டியில் நாலு அங்குலம் மேலே ஏறி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் நல்ல மண் அந்த அளவுக்குக் குறையும்.

சந்தேகம் இருந்தால் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை எடுங்கள். முழுக்க நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நீளவாட்டில் நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் கூடினால் வடிவதும் கூடுகிறது. ஆகையால் மல்லிக்கும் கொடிகளுக்கும் அகலச் சட்டியை விட உயரமான தொட்டி நல்லது. அடியில் ஓட்டையை மண் அடைக்காமல் இருக்க ஒரே ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

மண் கலவைக்கு என் கணக்கு: தோட்ட மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மணல் வாங்கும்போது கவனம் தேவை. பூச்சு வேலைக்கு விற்கும் யமுனை மணல் மாவு மாதிரி இருக்கும். அது சந்துகளை அடைக்கும். பதர்பூர் என்ற பெயரில் விற்கும் சிவந்த பருமணல்தான் வேண்டும். தேங்காய் நார்க் கழிவைச் சிலர் பாதிக்குப் பாதி போடுகிறார்கள். மே மாதத்தில் அது உதவும். ஆகஸ்டில் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு தொல்லை கொடுக்கும். கொஞ்சமாகப் போடுங்கள்.

தண்ணீர் விடுவதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வடியும்வரை தாராளமாக ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் பேசாமல் திரும்புங்கள். மே, ஜூனில் இரண்டு வேளையும் தேவைப்படலாம். ஜனவரியில் வாரத்துக்கு ஒரு முறை இரண்டு முறை போதும். அரைச் சொம்பு அரைச் சொம்பாகத் தினமும் தெளிப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஆழ்குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு வடியாமல் மண்ணிலேயே தங்கிவிடும். தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூத்திருப்பது அந்த உப்புத்தான். இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் கிளெமாட்டிஸ் கொடியை இங்கே தொட்டியில் வளர்க்க முடியுமா என்று நம் இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அழகான கொடிதான். அந்த இனத்தில் பேர்போன ஆர்மண்டி என்பது சீனாவைச் சேர்ந்தது. குளிர்ந்த கோடை அதற்குப் பழக்கம். நம் நாட்டில் மொண்டானா என்ற வகை இமயமலைச் சரிவுகளில், சிம்லா முசூரிப் பக்கம் தானாகவே படர்கிறது. ஆனால் அது இலை உதிர்க்கும் வகை. 45 டிகிரி அடிக்கும் தில்லி மாடியில் இவற்றை வைத்து வதைக்க வேண்டாம் என்பது என் யோசனை. ஆனால் அந்தக் கொடிக்குச் சொல்லும் ஒரு விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: தலை வெயிலில், கால் நிழலில், மண்ணில் தண்ணீர் தேங்காமல். தில்லி மாடிக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. கோடையில் செடியின் தலையை விட அதிகம் வேகுவது தொட்டிக்குள் இருக்கும் வேர். மேற்கு வெயில் நேரே தொட்டியின் பக்கவாட்டில் விழாமல், முன்னால் துளசி, கற்றாழை போன்ற சிறிய தொட்டிகளை அடுக்குங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தவிர்த்து மண் தொட்டி வாங்குங்கள். பானைத் தண்ணீர் குளிர்வது போல் மண் தொட்டியும் ஈரம் கசிந்து வேரைக் குளிர்விக்கும்.

கவாத்து விஷயத்திலும் ஊர்க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து கெடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் மல்லியை நவம்பர் கடைசியில் வெட்டுவார்கள். ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியில், முல்லையை ஜனவரி கடைசியில். அங்கே அது சரி. தில்லியில் நவம்பர் கடைசியில் மல்லியை வெட்டினால், வருகிற இளந்துளிர் டிசம்பர், ஜனவரியின் 4, 5 டிகிரிக் குளிரில் கருகிவிடும். "ஊரில் அம்மா கார்த்திகையில்தான் வெட்டுவாள்" என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இங்கே மாசி பிறக்கும்வரை, அதாவது பிப்ரவரி நடுப்பகுதி வரை பொறுங்கள். அப்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பழைய இலைகளை உருவி, மண் மாற்றி, எரு போட்டால் ஏப்ரலில் மொட்டுக் கட்டும்.

இனி கமிட்டியின் குற்றச்சாட்டுக்கு வருவோம். "நீங்கள் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர்தான் கூரையை ஒழுக வைக்கிறது" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்திரண்டு தொட்டிக்குத் தலா இரண்டு லிட்டர் என்றால் 44 லிட்டர். அதில் பெரும்பகுதியைச் செடியும் காற்றும் எடுத்துக்கொள்ளும். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 228 மில்லி மீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 22,800 லிட்டர். இந்த 22,800 லிட்டரும் தங்கு தடையில்லாமல் வெளியேறியதா என்பதுதான் கேள்வி. எங்கள் மாடியில் நான் மட்டக்குழாய் பிடித்துப் பார்த்தேன். 100-க்கு 1 என்றாவது இருக்க வேண்டிய சரிவு பாதி இடத்தில் இல்லை. மழைநீர் இறங்கும் வாய், இங்கே கொத்தனார்கள் குர்ரா என்பார்களே, அது மூன்று இருந்தது. அதில் ஒன்று பழைய சிமெண்டாலும் புறா இறகாலும் அடைத்துக் கிடந்தது. ஒழுகிய வீடு சரியாக அந்த மூலைக்குக் கீழே இருந்தது. அந்த மூலையில் ஒரு தொட்டிகூட இல்லை.

அதற்காகக் கமிட்டி சொல்வது எல்லாமே தப்பு என்று நான் வாதாடவில்லை. தொட்டியைத் தரையில் அப்படியே வைத்தால் அடியில் ஈரம் காயாது. வேர் ஓட்டை வழியே இறங்கித் தரையின் விரிசலைத் தேடும். மண்ணும் சருகும் போய் வடிகாலை அடைக்கும். தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். பாரத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. 12 அங்குலத் தொட்டி ஈர மண்ணோடு 25 முதல் 30 கிலோ இருக்கும். ஐ.எஸ்.875 என்ற இந்தியத் தரப்படி ஆட்கள் ஏறிப் போகும் மொட்டை மாடிக்குக் கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். பால்கனிக்குச் சுமார் 300 கிலோ. பால்கனி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது. ஆகையால் பாரத்தை வெளி ஓரத்தில் வைக்க வைக்க அடிவாரத்தில் இழுப்பு அதிகமாகும். நாம் அழகுக்காக வரிசையாக வைப்பது அந்த வெளி ஓரத்தில்தான்.

இவற்றையெல்லாம் எழுதிக் கமிட்டியிடம் கொடுத்தேன். தடைக்குப் பதிலாக ஆறு விதிகள் சொன்னேன். தொட்டிகள் எல்லாம் தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் இரும்பு ஸ்டாண்டிலோ செங்கல் மேலோ இருக்க வேண்டும். தட்டு வைக்கக் கூடாது. வைத்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். குர்ராவைச் சுற்றி இரண்டடி வெறுமையாக விட வேண்டும்; அதன் வாயில் கம்பி வலை போட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் மூன்று தொட்டிக்கு மேல் கூடாது. பெரியவை சுவர் ஓரமாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் எக்காரணம் கொண்டும் தொட்டி கூடாது. கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். கொடியைச் சுவரில் நேரே ஏற்றாமல் அரையடி தள்ளிக் கம்பியிலோ மூங்கில் தட்டியிலோ படர விட வேண்டும். இவற்றோடு ஆண்டுதோறும் ஜூன் 15-க்குள் மாடி வடிகால்களைக் கமிட்டியே சுத்தம் செய்ய வேண்டும் என்றும் கேட்டேன்.

பொதுக்குழுவில் வாக்குவாதம் நடந்தது. "இது உங்கள் மதராஸிப் பூவுக்காகச் செய்கிற ஏற்பாடு" என்று ஒருவர் சொன்னார். அவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்த பஞ்சாபி அம்மாள் ஒருவர், தன் வீட்டு மோக்ராவும் மேலேதான் இருக்கிறது என்று எழுந்து சொன்னார். கடைசியில் தடையை ஓர் ஆண்டுக்கு நிறுத்தி வைத்து, குர்ராவைத் திறந்து, சரிவைச் சரிசெய்தார்கள். 2025 மழைக்காலத்தில் அந்த மூலை வீடு ஒழுகவில்லை. ஆனாலும் தடைத் தீர்மானம் ரத்தாகவில்லை; நிறுத்திவைத்தபடியே இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் மறுபடி எழும். அப்போது மூன்றாவது மாடி அம்மாள் தனியாக நின்று பேச வேண்டி வரக் கூடாது.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் குடியிருப்பிலும் இப்படிச் சுற்றறிக்கை வந்தால் கோபப்பட்டுக் கத்தாதீர்கள். பயந்து தொட்டிகளைக் காவலாளிக்குக் கொடுத்தும் விடாதீர்கள். முதலில் உங்கள் தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றி, நம் பக்கத்துக் குறையைத் தீர்த்துவிடுங்கள். பிறகு ஒரு மழை நாளில் மாடிக்குப் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சாக்குக் கட்டியால் கோடு போட்டு, அதைக் கமிட்டிக்குக் காட்டுங்கள். கோடு பொய் சொல்லாது.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. ஆகஸ்டில் மல்லி, முல்லைக் குச்சிகள் நன்றாக வேர் பிடிக்கும். ஓரளவு முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, ஈர மணலில் பாதி புதைத்து நிழலில் வைத்தால் போதும். ஆடிப்பெருக்கு நிகழ்ச்சிக்கு வரும்போது வளர்ப்பவர்கள் நாலு குச்சி கொண்டுவரட்டும். இல்லாதவர்கள் எடுத்துப் போகட்டும். புதிதாக வேலைக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கும் இளம் குடும்பங்களுக்கு இது பெரிய உதவியாக இருக்கும். குச்சி நட மணலும், மண் கலக்க ஆளும் தேவைப்பட்டால் அடியேன் வரத் தயார். கரண்டி என்னிடமே இருக்கிறது.